ரத்தக்குழாய் தைக்கப் பழக உயிருள்ள எலி தேவையா? சிலிக்கான் குழாயும் சிமுலேட்டரும் போதாதா?

நூல்முனை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பிளாஸ்டிக் சர்ஜரி உயர்படிப்பில் இருக்கிறேன். எங்கள் துறையில் மைக்ரோசர்ஜரி பயிற்சிக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றும் கிடைத்துவிட்டது. எதில் பழகுவது என்பதில்தான் துறைக்குள் இரண்டு கட்சி. எலி இல்லாமல் மைக்ரோசர்ஜரி வராது என்கிறது ஒன்று. இந்தக் காலத்தில் எலியை அறுப்பானேன், சிலிக்கான் குழாய், கோழித்தொடை, கம்ப்யூட்டர் சிமுலேட்டர் போதுமே என்கிறது இன்னொன்று. குறிப்பு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துண்டான விரலோடு ஒருவர் வந்தால் எலும்பைப் பொருத்தி, தசைநாணைத் தைத்து, 1 மி.மீ. அளவே விட்டமுள்ள தமனியையும் சிரைகளையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இணைக்க வேண்டும். இந்த இணைப்பைத்தான் அனஸ்டமோசிஸ் என்கிறோம். 10-0 நைலான் நூலின் தடிமன் 0.03 மி.மீட்டருக்கும் குறைவு. ஒரு தமனிக்கு எட்டுத் தையல் போல வரும். ஒன்று பிசகினாலும் ரத்தம் கட்டி விரல் கறுத்துவிடும். இதை முதன்முதலாக நோயாளியின் விரலில் செய்து பார்க்கக் கூடாது என்பதில் இரண்டு கட்சியும் ஒன்றுதான். உயிருள்ள விலங்கு வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தக் கட்டத்தில்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிளாம்ப்

தம்பி, நான் வாஸ்குலர் (ரத்தக்குழாய்) சர்ஜன், ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கிறேன். நான் எலிக் கட்சி.

சிலிக்கான் குழாய்க்குள் ரத்தம் கிடையாது. உள்சுவரை ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) நசுக்கினாலும் அது எதுவும் சொல்லாது. எலியின் தமனி சொல்லும். முரட்டுத்தனமாகத் தொட்டால் சுருங்கிக்கொள்ளும். வெளிச்சவ்வைச் சரியாக வழித்தெடுக்காமல் தைத்தால் அதன் பிசிறு உள்ளே போய், அங்கே ரத்தம் கட்டும். முன்சுவரைத் தைக்கிற ஊசி பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் வழியே அடைபடும். ரத்தத்தை நிறுத்தப் போட்ட கிளாம்பை (கவ்வியை) எடுத்து அரை மணி காத்திருந்து, இணைப்புக்கு அப்பால் இரண்டு ஃபோர்செப்ஸால் மெல்லப் பிடித்து, நடுவில் உள்ள ரத்தத்தை வழித்துவிட்டு, இணைப்புப் பக்கம் உள்ள ஃபோர்செப்ஸை விட்டுப் பாருங்கள். காலியான இடம் சட்டென்று நிரம்பினால் பாஸ். இல்லையென்றால் என்ன சமாதானம் சொன்னாலும் ஃபெயில்தான்.

இந்தத் துறை பிறந்ததே விலங்குகளில்தான். 1894-இல் பிரான்ஸ் அதிபர் சாதி கார்னோவை லியோன் நகரத்தில் ஒருவன் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை கிழிந்தது. அதைத் தைத்துக் காப்பாற்ற அன்றைக்கு வழி இல்லை. அதே ஊரில் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சி காரெல், பூத்தையல் போடும் ஓர் அம்மாவிடம் போய் மெல்லிய ஊசியைக் கையாளக் கற்றுக்கொண்டார். குழாயின் வட்டமான வாயை மூன்று இடத்தில் நூல் போட்டு இழுத்தால் முக்கோணமாகும், ஒவ்வொரு பக்கத்தையும் நேர்க்கோடாகத் தைத்துவிடலாம் என்று 1902-இல் எழுதினார். பிறகு அமெரிக்கா போய் நாய்களிலும் பூனைகளிலும் அதைச் செய்து பார்த்தார். 1912-இல் நோபல் பரிசு வந்தது. (கடைசிக் காலத்தில் மனிதர்களைத் தரம்பிரிக்கும் கொள்கை பேசிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார், அது தனிக் கதை.) நாம் இன்றும் போடுகிற தையலுக்கு வேர் அதுதான்.

கால்நடைக் கதிர்

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் கால்நடை மருத்துவன், ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். காரெல் செய்தது ஆராய்ச்சி. அதுவரை யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடிக்க நாயை அறுத்தார். இன்று ஒரு மாணவர் எலியை அறுப்பது, நூறு வருடமாக எல்லாருக்கும் தெரிந்ததைத் தன் விரலுக்குப் பழக்க. இரண்டுக்கும் ஒரே நியாயத்தைச் சொல்ல முடியாது.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவைப் படியுங்கள். புத்தகம், மாதிரி, படம் போன்ற கற்பித்தல் கருவிகள் போதுமென்றால் மருத்துவக் கல்லூரிகளில் விலங்கைத் தவிர்க்க வேண்டும், கைத்திறன் பெறுவதற்காக மட்டும் விலங்கில் செய்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. 'இயன்றவரை' என்று இருப்பதால் முழுத்தடை இல்லை. ஆனால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முன்னால் போய் நிற்கும்போது, ஏன் இயலவில்லை என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். எலிக்கு அந்தக் குழு போதும். பன்றி, ஆடு என்றால் மத்தியக் குழுவின் அனுமதி வேண்டும்.

இன்னொன்று. என் மேசைக்கு வருகிற பயிற்சியாளர்களில் பலர் தையலுக்கே வந்து சேர்வதில்லை. தொடைத் தமனியையும் சிரையையும் பிரிக்கும்போதே சிரை கிழிந்துவிடும். எலியின் சிரைச் சுவர் அவ்வளவு மெல்லியது. மைக்ரோஸ்கோப்பில் கைநடுக்கம் அடங்காத, முடிச்சே ஒழுங்காக விழாத ஆளுக்கு அந்த எலி என்ன கற்றுக்கொடுத்தது? ஒன்றுமில்லை. அந்த உயிர் போனதுதான் மிச்சம்.

பழைய கிளாம்ப்

கதிர், சட்டத்தை மறுக்கவில்லை. ஆராய்ச்சி வேறு, பயிற்சி வேறு என்று நீங்கள் போடுகிற கோடுதான் அவ்வளவு நேராக இல்லை.

விவியன் தாமஸ் கதையைப் பாருங்கள். நாஷ்வில்லில் தச்சு வேலை பார்த்த கறுப்பின இளைஞர், 1930-இல் சர்ஜன் ஆல்ஃபிரெட் பிளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது, சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர். பிறகு இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார்கள். பிறவி இதயக் கோளாறால் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று அங்கிருந்த குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாஸிக் கேட்டார். கைக்குப் போகும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியில் இணைக்கும் முறையை ஏறக்குறைய 200 நாய்களில் செய்து செய்து உருவாக்கியவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு பிளாலாக் ஆபரேஷன் செய்தபோது தாமஸ் அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டு, ஊசி எந்தத் திசையில் போக வேண்டும் என்று தோளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏனென்றால் இதை அதிகம் தைத்த கை அவருடையது. பிளாலாக் தனியாகச் செய்து பழகியிருக்கவில்லை. அந்த ஆய்வுக்கூடத்திலேயே பிறகு தலைமுறை தலைமுறையாக இளம் சர்ஜன்களுக்குத் தாமஸ் தையல் கற்றுக்கொடுத்தார், பின்னாளில் பெயர் பெற்ற இதய சர்ஜன் டென்டன் கூலி உட்பட. 1976-இல்தான் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வந்தது.

ஆய்வுக்கூடம், பயிற்சிக்கூடம் இரண்டும் அங்கே ஒரே அறை.

வல்லைவெளி

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், இங்கிலாந்தில் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருக்கிறேன். பழைய கிளாம்ப் ஐயா சொன்ன தாமஸ் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதிலேயே அவருக்கு எதிரான ஒரு விஷயம் இருக்கிறது: பிளாலாக்கைக் காப்பாற்றியது நாய் இல்லை, பின்னால் நின்று பார்த்துத் திருத்திய ஆள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே 1876-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்திறனுக்காக உயிருள்ள விலங்கில் பழகுவதை அடியோடு தடை செய்தது. நூறு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தது. 1986-இல் வந்த புதிய சட்டம் ஒரு சிறிய கதவை மட்டும் திறந்தது: நுண் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு, மயக்கத்திலிருந்து மீளவே விடாத நிலையில், எலி போன்ற கொறிணிகள் மட்டும். பன்றியில் பழக விரும்புகிறவர்கள் டென்மார்க் போன்ற நாடுகளுக்குப் போய் வருவதுண்டு. இராணுவ வைத்தியர்களும் போரில் வரும் காயங்களைச் சமாளிக்க அங்கேதான் பன்றிகளில் பழகினார்கள். அதைப் பற்றிப் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது.

அந்த நூறு வருடமும் இங்கே நாடி (தமனி) தைக்கத் தெரிந்தவர்கள் இல்லாமலா போனார்கள்? மூத்தவருக்கு உதவியாக நின்று, பிரேதத்தில் வெட்டிப் பார்த்து, பிறகு நோயாளியிலேயே மெதுமெதுவாகக் கற்றார்கள். அதற்கும் யாரோ விலை கொடுத்திருப்பார்கள்தான். அந்தக் கணக்கை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

சிலிக்கான் செல்வி

உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவள், பயிற்சி மாதிரிகள் செய்கிற சிறிய குழுவில் இருக்கிறேன். என் பக்கத்திலிருந்து நேர்மையாகச் சொல்கிறேன்.

சிமுலேட்டர் என்று ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம். முதலாவது தையல் பழக வெறும் குழாய்: சிலிக்கான், லேடெக்ஸ், ஹைட்ரோஜெல். ஜப்பானியக் கொஞ்ஞாக்கு நூடுல்ஸைக்கூட இதற்குப் பயன்படுத்துகிறார்கள். வழுவழுப்பாகவும் பிசகினால் கிழிவதாகவும் இருப்பதால் சிலிக்கானைவிடத் திசுவுக்குக் கொஞ்சம் நெருக்கம். இரண்டாவது பம்பு வைத்த மாதிரி: பெருந்தமனி வீக்கம், கழுத்துத் தமனி எல்லாவற்றையும் துடிப்போடும் அழுத்தத்தோடும் செய்யலாம், தையல் சரியில்லையென்றால் சிவப்புத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

மூன்றாவது கம்ப்யூட்டர் சிமுலேட்டர். இது ரத்தக்குழாய்க்குள் கம்பியும் கதீட்டரும் (மெல்லிய நீளக் குழாய்) விட்டுச் செய்யும் சிகிச்சைக்கு. ஸ்வீடனின் மென்டிஸ், இஸ்ரேலின் சிம்பயானிக்ஸ் இயந்திரங்கள் பெயர் பெற்றவை. இந்த வேலையில் சர்ஜன் எப்படியும் திரையைப் பார்த்துத்தான் செய்கிறார், அதனால் சிமுலேட்டர் நிஜத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. கதிர்வீச்சும் கிடையாது. 2004-இல் கழுத்துத் தமனி ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தபோது, மருத்துவர்களுக்கான பயிற்சியில் சிமுலேட்டரையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. பித்தப்பை ஆபரேஷன்தான், ரத்தக்குழாய் இல்லை. சிமுலேட்டரில் குறிப்பிட்ட தரத்தை எட்டும்வரை பழகிய பயிற்சி மருத்துவர்கள் 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தும் வாய்ப்பு ஐந்து மடங்கு இருந்தது. 'இத்தனை மணி நேரம்' என்று இல்லாமல் 'இந்தத் தரம் வரும்வரை' என்று வைத்தார்கள், எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அதுதான்.

ஆகவே நூல்முனை, விரல் இணைக்கும் பயிற்சிக்குக் கம்ப்யூட்டர் சிமுலேட்டர் வாங்கச் சொன்னால் நான் உங்கள் துறையை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். அதில் 10-0 நூலின் இழுவை தெரியாது.

வைகைக்கரை

மருத்துவம் தெரியாதவன், படித்துக்கொண்டே வருகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், காலில் ரத்த ஓட்டம் இல்லை என்று பைபாஸ் செய்தார்கள். ரத்தக்குழாய் 'சுண்ணாம்பாகி'விட்டது, ஊசி ஏறவே இல்லை என்று டாக்டர் சொன்னார். எலிக்கும் பன்றிக்கும் இப்படிச் சுண்ணாம்பு பிடிக்குமா? பிடிக்காதென்றால் எங்கப்பாவின் காலை எதில் பழகுவீர்கள்?

பழைய கிளாம்ப்

வைகைக்கரை, இந்த இழையிலேயே நல்ல கேள்வி உங்களுடையது.

பிடிக்காது. பயிற்சிக்கு வருவது இளம் பன்றி, அதன் தமனி பளபளவென்று இருக்கும். சும்மா தொட்டாலே சுருங்கும், அதைத்தவிர தொல்லை இல்லை. செம்மறியாட்டின் கழுத்துத் தமனியும் நீளமாக, ஆரோக்கியமாக இருக்கும். நமக்கு வருகிற நோயாளியோ அறுபது வயது, இருபது வருடச் சர்க்கரை, பீடி வேறு. முழங்காலுக்குக் கீழே தமனி கல்மாதிரி. ஊசியை உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்புத் தகடு பெயர்ந்து உள்ளே மடியும். கிளாம்ப் போட்டால் சுவரே நொறுங்கும், அதனால் சில சமயம் உள்ளே பலூன் வைத்து ரத்தத்தை நிறுத்துகிறோம். இதை எந்த எலியும் கற்றுக்கொடுக்காது. என் கட்சிக்கு எதிராகவே சொல்கிறேன்.

இதற்கு என்னிடம் உள்ள பதில், வெட்டி எடுத்த கால். காப்பாற்ற முடியாமல் முழங்காலுக்கு மேலே எடுக்கிற காலில், அழுகல் இல்லாத பகுதியில், அதே நோய் பிடித்த அதே தமனி இருக்கிறது. நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைப் பரிசோதனை பார்த்து, எரியூட்ட அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம் இளையவர்கள் அதில் தமனியைத் திறந்து தைத்துப் பார்க்கலாம். சம்மதம் கேட்கும்போது பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. நாம்தான் கேட்பதில்லை. வெரிகோஸ் ஆபரேஷனில் உருவி எடுக்கிற சிரையும் இப்படிக் குப்பைக்குத்தான் போகிறது.

சிலிக்கான் செல்வி

நஞ்சுக்கொடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். அதன் மேற்பரப்பில் பல அளவுகளில் தமனியும் சிரையும் கிளைத்துக் கிடக்கும். பிரேசிலில் மூளை நரம்பியல் சர்ஜன்கள் அதில் சாயத் தண்ணீர் ஏற்றி, தமனி வீக்கத்துக்குக் கிளிப் போடக்கூடப் பழகுகிறார்கள். பிரசவ வார்டு இருக்கிற எந்த மருத்துவமனையிலும் அதற்குப் பஞ்சமில்லை. அங்கேயும் தாயின் சம்மதமும் கிருமிப் பரிசோதனையும் கட்டாயம்.

நூல்முனை

பழைய கிளாம்ப் சார், தம்பி இல்லை, தங்கை. பரவாயில்லை.

படித்ததை வைத்து இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். முதலில் கையுறை ரப்பரிலும் சிலிக்கான் குழாயிலும் மைக்ரோஸ்கோப்புக்குக் கண்ணும் கையும் பழகும்வரை. அடுத்து கோழித்தொடை. எலும்பை ஒட்டி ஓடும் தமனி ஏறத்தாழ 2 மி.மீ., இறக்கையில் இன்னும் சிறியது. பக்கத்திலேயே சிரையும் நரம்பும் இருப்பதால் பிரித்தெடுக்கவும் பழகலாம். நஞ்சுக்கொடி கிடைத்தால் அதுவும். இதிலெல்லாம் தேறியவர்களுக்கு மட்டும் கடைசியில் எலி. கதிர் அண்ணா, இதை நெறிமுறைக் குழு ஏற்குமா?

கோழியில் தைத்தது சரியா தவறா என்று எதை வைத்துச் சொல்வது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அங்கே ரத்தம் ஓடாதே.

வல்லைவெளி

இதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன். தைத்து முடித்ததும் குழாயை நீளவாக்கில் வெட்டி விரித்து, உள்பக்கத்தைப் படம் எடுங்கள். பின்சுவரைப் பிடித்த தையல், ஒன்றுக்கொன்று இடைவெளி கூடின தையல், விளிம்பு உள்ளே மடிந்த இடம், எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரியும். லண்டனில் இதற்கென்றே பத்து வகைத் தவறுகளை எண்ணும் ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள், அனஸ்டமோசிஸ் லாப்ஸ் இண்டெக்ஸ் என்று பெயர். எலியில் நாடி திறந்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால், உள்ளே இருக்கிற மோசமான தையலைப் பார்க்காமலே எழுந்து போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். எலி ஓரளவு மன்னித்துவிடும். புகைபிடிக்கிற ஆளின் நசுங்கின விரல் மன்னிக்காது.

கை அசைவுக்கு டொரன்டோவில் 1990-களில் உருவாக்கிய ஓசாட்ஸ் முறை இருக்கிறது. திசுவை எவ்வளவு மென்மையாகக் கையாண்டார், தேவையற்ற அசைவு எவ்வளவு என்று பார்த்துப் புள்ளி போடுவது. இரண்டுக்கும் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பயிற்சிக்கூடம் கட்டுகிற இடங்களில் இயந்திரத்துக்குக் காசு ஒதுக்குவார்கள், அந்த ஆளுக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். நான் முன்பு பயிற்சி பெற்ற ஓர் இடத்தில் விலையுயர்ந்த சிமுலேட்டர் உறை போர்த்தியபடியே நின்றது, கற்பிக்க ஒருவரும் வரவில்லை.

கால்நடைக் கதிர்

நூல்முனை, 'தேறியவர்களுக்கு மட்டும்' என்பதை எப்படித் தேர்வு செய்கிறீர்கள் என்று எழுத்தில் வைத்தால் குழு ஏற்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வல்லைவெளி சொன்ன படங்களை இணையுங்கள். விலங்குச் சோதனைகள் பற்றி ரஸல், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959-இல் சொன்ன மூன்றையும் குழு கேட்கும்: மாற்று உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வேதனையைக் குறைக்க முடியுமா. மாற்று, கோழியும் நஞ்சுக்கொடியும். எண்ணிக்கை, ஒரே எலியில் இரண்டு தொடை, கழுத்து என்று பல இடம் இருக்கிறது. இருவர் சேர்ந்து ஒரு எலி போதும். வேதனை, கெட்டமின் சைலசின் மயக்கத்திலேயே தொடங்கி மயக்கத்திலேயே முடிக்க வேண்டும், நடுவில் ஆழம் குறைகிறதா என்று பார்க்க ஓர் ஆள் தனியாக. அந்த ஆள் தைக்கிறவராக இருக்கக் கூடாது. தைக்கிறவர் மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார், அனுபவத்தில் சொல்கிறேன்.

பழைய கிளாம்ப்

தங்கை என்றே வைத்துக்கொள்கிறேன்! இந்த வரிசைக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு திருத்தம் மட்டும். எலியில் ஒரு தடவை பாஸ் ஆனால் போதாது. தமனியில் சரியாக வந்த பிறகு சிரையையும் கேளுங்கள். விரல் இணைப்பில் பெரும்பாலும் காலை வாருவது சிரைதான். கதிர் சொன்ன அந்த மெல்லிய சுவர்தான் உண்மையான பரீட்சை.

வாஸ்குலர் பக்கம் வருகிற உங்கள் ஜூனியர்களுக்கு: எலியெல்லாம் முடிந்த பிறகும் நேராக விரலுக்கோ கால் பைபாஸுக்கோ போக வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிக்கு மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போடுவது (தமனியைச் சிரையோடு இணைப்பது), பிரெசியாவும் சிமினோவும் 1966-இல் எழுதியது, அதில் மூத்தவர் எதிரே நிற்க முதல் தையல்களைப் போடட்டும். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வது, அவசரமில்லை, அடைத்தாலும் பெரும்பாலும் கொஞ்சம் மேலே இன்னொன்று போட இடம் இருக்கும். நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அது முக்கியம்.

நூல்முனை

நன்றி சார், எல்லோருக்கும் நன்றி. குறிப்பில் கம்ப்யூட்டர் சிமுலேட்டரை எடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் மைக்ரோஸ்கோப்புக்குக் கேமராவும் திரையும் கேட்கப் போகிறேன். வாரத்தில் ஒரு மதியம் ஒரு பேராசிரியருக்கு இதையே டியூட்டியாகப் போட வேண்டும் என்றும் எழுதுகிறேன், கிடைக்குமா பார்ப்போம். கடைசியாக ஒரு சில்லறைக் கேள்வி. கறிக்கடையில் வாங்கின தொடையில் தமனி பாதியில் அறுந்தே வருகிறது. எப்படி வாங்குவது?

சிலிக்கான் செல்வி

வெட்டச் சொல்லாதீர்கள். இடுப்பு எலும்போடு சேர்த்து, தோல் உரித்தாலும் பரவாயில்லை, முழுக்காலாகக் கேளுங்கள். மூட்டில் கத்தி போட்டால் தமனி அங்கேயே போய்விடும். அன்றைக்கு அறுத்ததாக இருக்கட்டும். ஃப்ரீசரில் வைத்து எடுத்ததில் சுவர் சொதசொதவென்று இருக்கும். மேல்முனையில் மெல்லிய ஐ.வி. கானுலாவைக் கட்டி, நீல மை கலந்த சலைனை ஏற்றினால் கசிவும் தெரியும், வழி திறந்திருக்கிறதா என்றும் தெரியும்.